செங்காந்தள் வளர்க்க: கிழங்கின் நுனி பத்திரம்

செங்காந்தள் கிழங்கு கலப்பை மாதிரி கவைத்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். கவையின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது; நுனி ஒடிந்தால் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. நட்டும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வாங்கும்போதே நுனியைப் பாருங்கள். 50 கிராமுக்குக் குறைந்த கிழங்கு கொடி விட்டாலும் பூப்பது அரிது.

ஆனி, ஆடியில் நடலாம். செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய தொழுவுரம் 1. தொட்டி என்றால் ஓர் அடி ஆழமாவது வேண்டும். கிழங்கைப் படுக்கை வசமாக வைத்து, 3 அங்குலம் மண் மூடுங்கள். முளை தெரியும்வரை ஈரம் மட்டும் போதும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

நடும் அன்றே கம்பி வலையோ மெல்லிய குச்சிகளோ நட்டுவிடுங்கள். இந்தக் கொடி தண்டால் சுற்றாது, இலை நுனிச் சுருளால்தான் பற்றும். தடித்த கம்பத்தை அதனால் பிடிக்க முடியாது. பிறகு குச்சி ஊன்றப் போனால் கிழங்கில் குத்தும், தண்டும் ஒடியும். ஒடிந்தால் அந்த ஆண்டுப் பூ போச்சு.

இலையைக் கறுப்பும் செம்மஞ்சளுமான புள்ளிகளுள்ள புழுக்கள் மொட்டையாக்கும். காலையில் கையால் பொறுக்குவதே நல்ல வழி.

பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நெருப்பாகச் சிவக்கும். ஒரே கொடியில் இத்தனை நிறமும் சேர்ந்து நிற்கிற அழகுக்கு ஈடே இல்லை!

ஆனால் கிழங்கு, விதை, இலை எல்லாமே கொல்லும் நஞ்சு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். யாராவது தின்றுவிட்டால் உடனே மருத்துவமனை. வாந்தி, பேதி சில மணி நேரம் கழித்தே தொடங்கும், அதுவரை காத்திருக்கக் கூடாது.

காய் முற்றிக் கொடி பழுத்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். பழைய கிழங்கு சுருங்கி, புதுக்கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். இடத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கிழங்கை அப்படிப்பட்ட விவசாயிகளிடம் வாங்குங்கள், காட்டு வேலியில் தோண்டாதீர்கள்.