அப்பா பெயரில் ஓர் எழுத்து

சேலத்தில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஏற்காடு மலைக் கிராமத்துப் பையன் ஒருவன், இப்போது வயது 19, இரண்டு ஆண்டுகளாக என்னிடம் தொழில் கற்கிறான். கம்பி இறங்கும் ஸ்லாட்டில் (பள்ளத்தில்) தாள் செருகி, மேலே பூசிய எனாமல் உரியாமல் செம்புக் கம்பியை மூங்கில் குச்சியால் மெல்ல இறக்குவான். அந்தக் கைப்பக்குவம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஆலைகளில் சான்றிதழைத்தான் பார்க்கிறார்கள். அதனால் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்க்க முடிவு செய்தேன்.

இணைய விண்ணப்பம் அரை மணி நேர வேலை. இழுத்தடித்தது சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதை வழங்குவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அது தெரியாமல் நான் நாள் கணக்குப் போட்டது தவறு.

முதல் முறை, அப்பாவின் சான்றிதழ் நகல் கேட்டார்கள். கொண்டுபோனோம். மாற்றுச் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு ‘ப்’ இருக்கிறது, குடும்ப அட்டையில் இல்லை என்றார் எழுத்தர். இரண்டு நகலும் முதல் நாளே அவர் மேசையில்தானே இருந்தன என்று கேட்டேன். பதிலே இல்லை. திருத்தி எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை போனால், அதிகாரி முகாமுக்குப் போய்விட்டாராம். ஒவ்வொரு முறையும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்த பையனின் அப்பாவுக்கு அன்றைய தோட்டக் கூலி போயிற்று. அலுவலக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வாய் திறக்காமல் படியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

மலையிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவோர், கிளம்பும் முன்பே மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறென்ன வேண்டும் என்று கேட்டு அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

கடைசி நாளுக்கு முந்தைய மாலை சான்றிதழ் வந்தது. இடமும் கிடைத்தது.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. “இரண்டு பேருக்காவது சொல்லிக்கொடு” என்பார். பையனிடமும் அதையே சொல்லியிருந்தேன். சென்ற ஞாயிறன்று தன் ஊர்ச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தான்.

“அண்ணா, இவனையும் படிக்க வைக்க வேண்டும்.”

நான் வாயெடுக்கும் முன்பே சிறுவனின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, மாற்றுச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் அருகருகே வைத்து, அப்பா பெயரை விரல் வைத்துப் படிக்கத் தொடங்கியிருந்தான்.