வினாகிரி மணக்கும் காற்றாலை

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. வினாகிரி. அம்மா ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தால் வருமே, அதேதான். பட்டறையில் என்னோடு வேலை செய்கிற பொடியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே சாப்பாடு ஏதோ பழுதாகிவிட்டது" என்றான். பழுதுதான், ஆனால் சாப்பாடு இல்லை. பிளாஸ்டிக்.

நான் வேலை செய்வது டென்மார்க்கில், யூட்லாண்டில், பழைய விளையாட்டுச் சாமான்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில். பில்லுண்ட் இங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த கார் ஓட்டம். 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கிய ஊர். ஒன்றோடொன்று பூட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகளுக்குப் பெயர்போன லெகோ கம்பனி அவருடையதுதான். லெகோ என்ற பெயரே "நல்லா விளையாடு" என்ற இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி வைத்ததுதான். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுப் பரணைத் தட்டினாலும் கட்டைகள் கொட்டும்.

வந்திருந்தது லெகோக் கட்டையில் கட்டிய ஒரு காற்றாலை. வெள்ளைச் சுவர், சிவப்பு அடித்தளம், நான்கு இறக்கைகள், அவற்றைச் சுற்ற உள்ளே ஒரு மோட்டார். வாங்கி விளையாடுவதற்கு அல்ல, கடைக் கண்ணாடிக்குள் வைத்துப் பிள்ளைகளை இழுப்பதற்காகக் கட்டியது. உயரம் ஏறக்குறைய 80 செ.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. என்றால் 83 வரிசை. கொண்டுவந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண். அவருடைய அப்பா ஒரு சிறு பட்டணத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கடை மூடிப் பல வருஷம். அதே கட்டடத்தில் இவர் இப்போது கோப்பிக் கடை திறக்கப் போகிறார். "பழையபடி கண்ணாடிக்குள் நின்று சுத்த வேண்டும், அவ்வளவுதான்" என்றார். டேனிஷ்காரர் அநேகமாக எல்லோரையும் "டூ" என்றுதான் கூப்பிடுவார்கள், நீ நீங்கள் பாகுபாடு பார்ப்பது அரிது. பதினொரு வருஷம் ஆகியும் வயதில் மூத்தவர்களிடம் அந்தச் சொல் எனக்குத் தொண்டையில் சற்று நின்றுதான் வெளியே வரும்.

ஆலை சாய்ந்திருந்தது. உச்சியில் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர்.

சாதாரண மாதிரியாக இருந்தால் கழற்றி, கழுவி, திருப்பிப் பூட்டிவிடலாம். கட்டை என்பதே அதற்காகச் செய்ததுதானே. 1958 ஜனவரி 28இல் ஓலேயின் மகன் கோட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியான்சன் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் அந்தப் பிடிமானத்துக்குத்தான்: மேலே குமிழ், உள்ளே குழாய், இறுகப் பிடிக்கவும் வேண்டும், பிள்ளையின் கைக்குக் கழரவும் வேண்டும். கடை மாதிரியில் கழர வேண்டும் என்ற பாதி செல்லாது. யாரும் கழற்றிக்கொண்டு போகக்கூடாது என்று ஒவ்வொரு கட்டையையும் ஒட்டியிருப்பார்கள். ஒட்டு என்றால் பசை போல் நடுவில் நிற்கிற சாமான் இல்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கி விடுகிற திரவம். சுப்பர் குளூ என்றால் குளிர்ப்பெட்டியில் வைத்து நொறுக்கலாம். இது காய்ந்த பிறகு கட்டை இரண்டில்லை, ஒன்று.

சாய்வுக்குக் காரணம் தேட ஒரு கிழமை போனது. மோட்டாருக்கு உள்ளே விட்டிருந்த துவாரத்தால் கையை நுழைத்து, உடைந்து கிடந்த சில்லுகள் சிலவற்றை எடுத்தேன். நன்றாக உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டேன். வெள்ளைச் சில்லு மிதந்தது, சிவப்புச் சில்லு தாழ்ந்தது. விஷயம் வெளித்தது. லெகோ ஆரம்பத்தில் கட்டைகளைச் செய்தது செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில். 1963இலிருந்துதான் ஏபிஎஸ் என்ற, வளையாமல் நிற்கிற வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறியது. அசிட்டேட் பாரம் கூட. வருஷம் போகப் போக அசிட்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டே வளையும். வினாகிரி வாசனை அதுதான். ஆலையைக் கட்டியவர் அடியில் பழைய இருப்பிலிருந்த சிவப்பைப் போட்டு, மேலே புது வெள்ளையை ஏற்றியிருக்கிறார். வெள்ளை நேராக நிற்கிறது. சிவப்பு வாழைப்பழம் மாதிரி வளைந்து, ஒட்டையும் கிழித்துக்கொண்டு ஒரு பக்கம் வாயைத் திறந்திருந்தது. ஆக, இது 1963க்கு முந்தியது இல்லை. கட்டியவருடைய சிக்கனம்தான் எனக்கு வருஷத்தைச் சொன்னது.

சிவப்பு ஒன்பது வரிசையும் போக வேண்டும். இதில் முதலாளிக்கும் எனக்கும் கதை நீண்டது. அசிட்டேட்டையே தேடி வாங்கிப் போட்டால் அசல், ஆனால் அதுவும் வளையும். ஏபிஎஸ் போட்டால் நிற்கும், ஆனால் அந்த வருஷத்துச் சாமான் இல்லை. நூதனசாலைக்கு என்றால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். இது கோப்பிக் கடைக் கண்ணாடி, மேலே இறக்கை சுத்துகிறது, கீழே பிள்ளைகள் நிற்பார்கள். அறுபதுகளின் கடைசியைச் சேர்ந்த ஏபிஎஸ் சிவப்பை ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைகளில் பொறுக்கினேன். புதுச் சிவப்பை அதன் பக்கத்தில் வைத்தால், நேற்றுத் தைத்த சட்டை மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும்.

நகை வேலைக்காரர் பாவிக்கும் மெல்லிய வாளால் பத்தாவது வரிசையை அறுத்தேன். எழுபதுகளுக்கு முந்திய சிவப்பு, மஞ்சள் கட்டைகளில் கட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமி இருக்கலாம் என்பதால் சிவப்புக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் தண்ணீர் விட்டு, முகமூடி போட்டு, மெதுவாக. ஒரு வரிசை வெள்ளைக் கட்டை தூளாகப் போனது. அறுக்கும்போது ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு சத்தம் கேட்கும். சுவரை அறுக்கும்போது சன்னம், குழாயைத் தொட்டதும் கொஞ்சம் கனம். மூன்றாம் நாள் எனக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை. காதை வைத்தே வாள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது.

அப்புறம் மஞ்சள். வெள்ளை ஏபிஎஸ் வெயில் பட்டால் பழுக்கும். கண்ணாடிப் பக்கம் பார்த்து நின்ற சுவர் பழைய பியானோக் கட்டை நிறம், பின்பக்கம் பால். முன்சுவரின் நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைச் செவ்வகம், ஏழு கட்டை அகலம். ஏதோ அட்டை ஒட்டியிருந்த இடம். படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் தொலைபேசி. "விற்பனைக்கு அல்ல என்று அப்பா எழுதி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் விலை கேட்கும், அவருக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனது" என்று சிரித்தார்.

அந்தச் செவ்வகத்தை அப்படியே விடலாமா என்று கேட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க விருப்பமில்லை. அவருக்கு அதில் சம்மதமில்லை. "எனக்கு ஆலை வெள்ளையாகத்தான் ஞாபகம்" என்றார். சரி.

மஞ்சளை எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடும் வெளிச்சமும் போதும். இங்கே 12 சதவீதத்துக்கு மேல் பொதுசனத்துக்கு விற்கமாட்டார்கள். நான் பாவிப்பது முடிக்கு நிறம் பூசும் கடைகளில் கிடைக்கிற களிம்பு. பூசி, காயாமல் இருக்க சாப்பாடு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ஜூன் வெயிலில் வைத்தேன். டென்மார்க்கில் ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம், எங்கள் தொழிலுக்கு அது கொடை. பின்னேரம் தாளைப் பிரித்தால் சுவரில் சலவைக்கல் மாதிரி வரி வரியாக மேகம். தாள் சுருங்கிய இடத்தில் களிம்பு விலகியிருக்கிறது, தேங்கிய இடம் கூட வெளுத்திருக்கிறது. நல்ல காலம், முதலில் பக்கச் சுவரில்தான் பரீட்சை பார்த்தேன். தாளைச் சுற்றிவிட்டுப் போய்ச் சாப்பிட்டது என் சோம்பல்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

பிறகு தாள் இல்லாமல், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தூரிகையால் பூசி, பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள். வரிகள் அநேகமாகப் போயின. சாய்வாகப் பார்த்தால் பக்கச் சுவரில் ஒரு இடத்தில் இன்னும் தெரியும், நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்க்கிறேன். காகிதம் மாதிரி வெள்ளை வேண்டும் என்று சேகரிப்பவர்கள் கேட்பார்கள், அதற்கு நான் உடன்படுவதில்லை. அதற்கு மேலே போனால் பிளாஸ்டிக்கின் மேற்தோல் சுண்ணாம்பு பூசினது போல் செத்துவிடும். அதோடு, எவ்வளவு வெளுத்தாலும் மஞ்சள் திரும்பவும் வரக்கூடியது. இதை அவருக்கு எழுதியே கொடுத்தேன்.

மோட்டார் சின்ன வேலை என்று நினைத்தேன். பழையதன் வயர் துணி சுற்றியது, தொட்டாலே உதிர்ந்தது. நேரே வீட்டு மின்சாரத்தில் ஓடிய சாமான், பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அதை வைக்க முடியாது. மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுகிற வகை மோட்டார் ஒன்றைக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுகிற மாதிரி வாங்கிப் பூட்டினேன். மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றியது. விற்பனைக்கு அல்ல என்ற அட்டையை அவரே தன் கையால் எழுதி வந்து, என் படத்தைப் பார்த்துக் கட்டைகளை எண்ணி, அதே இடத்தில் ஒட்டினார்.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி. ஆலை சில நாள் மற்றப் பக்கம் சுத்துகிறதாம். எனக்கு உடனே விளங்கியது. அந்த வகை மோட்டாருக்குத் திசை கிடையாது, சுவிச் போடும் கணத்தைப் பொறுத்து எந்தப் பக்கமும் கிளம்பும். அடுப்புக்குள் சாப்பாடு எந்தப் பக்கம் சுத்தினால் யாருக்கு என்ன? ஆனால் இங்கத்தைய பழைய காற்றாலைகள், முன்னால் நின்று பார்த்தால், இடஞ்சுழியாகத்தான் சுற்றும். பக்கத்துத் தெருக் கிழவர் ஒருவர் தினமும் கோப்பிக்கு வருகிறவர், வலஞ்சுழியாக ஓடுகிற நாளில், "இன்றைக்கு இது மின்சாரம் எடுக்கிற ஆலை" என்று சொல்லிச் சிரிக்கிறாராம். புதுக் காற்றாலைகள் அந்தப் பக்கம்தான் சுற்றும்.

அச்சில் ஒரு சின்னத் தடுப்புப் போட்டால், பிழையான பக்கம் கிளம்பினாலும் முட்டித் திரும்பிவிடும். தடுப்பைச் செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும்.