அடுத்து எதை எடுப்பது?

ஜூன் 8, ஞாயிறு

பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் நேற்று வாசித்து முடிந்தது. ராத்திரி சாப்பாடானதும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் மறுநாளைக்குக் கீரை ஆய்வது எங்கள் வழக்கம். ஆயிரம் பக்கத்துக்கு மேல் எங்களோடு இருந்துவிட்டார்கள் ஆண்டியும் மாரியும். இன்றைக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

அடுத்தது? இவர் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ என்கிறார். நான் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ என்கிறேன். முடிவாகவில்லை.

ஜூன் 11, புதன்

இரண்டிலும் கொஞ்சம் வாசித்துப் பார்த்தோம். சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். கதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கேயும் பினாங்கிலும் நடக்கிறது. ‘அடுத்தாள்’, ‘பெட்டியடிப் பையன்’ என்று வட்டிக்கடை வேலையாட்களின் பேர்கள் வந்ததும் இவர் நிறுத்திவிட்டார். “எங்க தாத்தா பினாங்குல அடுத்தாளா இருந்தாரு, தெரியுமா?” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை. சண்டை வந்ததும் கடிதம் நின்றுபோனது, பாட்டி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றது, தாத்தா தகரப் பெட்டியோடு திரும்பி வந்தது எல்லாம் சொன்னார். கீரை அப்படியே கிடந்தது.

‘கட்டாயம் படிக்க வேண்டிய நூறு’ என்கிற மாதிரிப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருவரில் ஒருவருக்காவது நெஞ்சில் தைக்கிற புத்தகமாக இருக்க வேண்டும். மற்றவர் தானாக உள்ளே வந்துவிடுவார்.

ஜூன் 12, வியாழன்

ஆபீசில் ஆடிட். வாசிப்பு இல்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கு நான் வாசித்தேன். ‘கரிப்பு மணிகள்’ 1979-இல் வந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் போய்ப் பார்த்துப் பேசி எழுதிய நாவல். எங்கள் ஆச்சி அளத்துக்குப் போனவள். குதிகாலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ராத்திரி விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தடவும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். வெயிலில் உப்பு வெள்ளையாக மின்னும். அதைப் பார்த்துப் பார்த்தே கண் போயிற்று என்பாள். பாத்தியும் வாருபலகையும் அச்சில் வரும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. இவர் புத்தகத்தை வாங்கி மீதியை வாசித்தார். “ஆச்சிக்குக் கூலி யார் கையில கொடுப்பாங்க?” என்று நடுவில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

‘கரிப்பு மணிகள்’ முதலில், இவரே சொல்லிவிட்டார். சின்னது, சீக்கிரம் முடியும் என்பது வெளியே சொன்ன காரணம். அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். கங்காணி கையிலிருந்துதான் கூலி, அதிலும் பிடித்தம் உண்டாம். நாவலில் பொன்னாச்சியும் தம்பியும் அளத்து வேலைக்கு வந்துவிட்டார்கள். நாளைக்கு வாசிக்கிற முறை இவருடையது, முருங்கைக்கீரை என்னுடையது.