டார்சியை விடுங்கள், சார்லட்டைப் பாருங்கள்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் 1813இல் வந்தது. இன்னமும் படமாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், பேச்செல்லாம் அதன் நாயகன் டார்சியைப் பற்றித்தான். (1995 பிபிசி தொடரில் டார்சியாக நடித்த காலின் ஃபிர்த் ஈரச் சட்டையோடு வருவாரே, அது நாவலிலேயே கிடையாது!)

எனக்கென்னவோ இன்றைக்கும் உறைப்பது நாயகி எலிசபெத்தின் தோழி சார்லட் லூகாஸ்தான். வயது 27, கையில் காசில்லை. எலிசபெத் வேண்டாமென்று சொன்ன அவளுடைய உறவுக்காரப் பாதிரியார் காலின்ஸையே இவள் கட்டிக்கொள்கிறாள். எலிசபெத்தின் அப்பா பென்னட்டுக்கு ஐந்து பெண்கள் இருந்தும் அவருக்குப்பின் வீடும் நிலமும் அந்தக் காலின்ஸுக்குத்தான் போகும். ஆண் வாரிசுக்கே என்று அந்தச் சொத்தைக் கட்டிவைத்த ஏற்பாடு அப்படி.

2005 படத்தில் சார்லட் பயமாக இருக்கிறது என்று உடைந்துபோய்ச் சொல்வாள். நாவலில் அந்தக் கலக்கமே இல்லை. காதலெல்லாம் நமக்கு ஒத்துவராது, வசதியாக ஒரு வீடு இருந்தால் போதும் என்கிறாள். அப்புறம் கல்யாணமானதும் புருஷனைத் தோட்ட வேலைக்கு உற்சாகப்படுத்தி அனுப்புகிறாள். தான் உட்காரும் அறையைப் பின்பக்கமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறாள், அவர் அடிக்கடி எட்டிப்பார்க்க மாட்டார் என்பதால். கெட்டிக்காரி!

வேலை, சம்பளம் எல்லாம் வந்த பிறகும் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்டின் அவளைத் தண்டிக்கவில்லை, கொண்டாடவும் இல்லை. படமெடுப்பவர்கள்தான் அவளைச் சீக்கிரம் கடந்துபோய்விடுகிறார்கள்.