ஊட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கோவையில் இருந்து ஊட்டிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாலை வழியே ஏறக்குறைய 86. ஆனால் மலைப்பாதையைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணிக்கணக்கில் கேளுங்கள்.

மேட்டுப்பாளையம் வரை சமவெளி, சரி. கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் மூன்று, மூன்றரை மணி நேரம். மே மாதக் கூட்டத்தில் அதுவும் உறுதி இல்லை. போன கோடையில் பர்லியாறில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். குன்னூரில் அம்மா சோற்றை மூடி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் காத்திருந்தார்.

மலை ரயில் கதையே வேறு. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வெறும் 46 கிலோமீட்டர்தான், ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு ஓர் அடி என்கிற அளவுக்கு ஏற்றம். என்ஜினின் பல் சக்கரம் தண்டவாளத்தின் நடுவில் உள்ள பற்களைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை வந்த பாதை. ரன்னிமேடு பக்கம் காற்று சில்லென்று முகத்தில் படும்போது எனக்கு ஊர் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

சீசனில் வருகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அப்புறம், குழந்தைகளின் ஸ்வெட்டர் டிக்கியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.