பல்செட்டை மாற்றும் முன், வாய் எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

எனக்கு மேலும் கீழும் முழு பல்செட். நாக்கு நுனியும் மேலண்ணமும் எரிய ஆரம்பித்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "செட்டு சேரலை, புதுசா கட்டிக்கோங்க." நல்ல வேளை, நான் போன பல் மருத்துவர் அப்படி அவசரப்படவில்லை.

செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். மேல் செட்டு எவ்வளவு இடத்தை மூடுகிறதோ, அவ்வளவு இடமும் சிவந்திருந்தது. கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று. செட்டு செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்ணிய துளைகளுக்குள் அது குடியிருப்பதால், வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பி வந்துவிடுமாம். தினமும் செட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், செட்டைக் கழற்றிவிட்டுத்தான் வாயில் பூஞ்சைக்கான ஜெல் தடவ வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோல் என்ற பூஞ்சை ஜெல்லைத் தாங்களாக வாங்கித் தடவக் கூடாது. வாயில் தடவும் ஜெல்தானே என்று நினைக்காதீர்கள், ரத்தக்கசிவு வரை கொண்டுபோய் விடும்.

அண்ணம் ஆறிவிட்டது. நாக்கு ஆறவில்லை.

காலையில் ஒன்றும் இருக்காது. மதியம் லேசாகத் தொடங்கும், சாயங்காலம் ஆனால் கொதிக்கக் கொதிக்க எதையோ குடித்து நாக்கு வெந்துபோன மாதிரி இருக்கும். ஆனால் சாப்பிடும்போது குறையும்! மருத்துவர் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். செட்டு உரசி வரும் வலி என்றால் மெல்லும்போது அதிகமாக வேண்டும். செட்டைக் கழற்றி வைத்திருந்தாலும் எரிச்சல் அப்படியே இருந்தது. செட்டு காரணமாகவே இருக்காது என்று சொல்லவில்லை. பல் போனபின் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும், பழைய செட்டு ஆட ஆரம்பிக்கும். உயரம் கூடுதலாகக் கட்டிய செட்டு நாக்குக்கு இடம் விடாது. இவையும் எரிச்சல் தரும். என் விஷயம் அதுவல்ல.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், சுகர், தைராய்டு. சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். பிரஷருக்குக் கொடுக்கும் எனலாப்ரில் வகை மாத்திரைகளும் சிலருக்கு வாயை எரியவைக்கும். வாயை உலரவைக்கும் மாத்திரைகளோ ஏராளம். அதற்காக எதையும் நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எனக்கு எல்லாமே சரியாக இருந்தது. "அப்போ மனசுலதான் இருக்கு" என்று உறவில் ஒருவர் சொன்னபோது உண்மையிலேயே வலித்தது. இதற்கு 'பர்னிங் மவுத் சிண்ட்ரோம்' (எரியும் வாய் நோய்) என்று பெயர், இது நரம்பு வலி. இப்படிப்பட்டவர்களின் நாக்கில் மெல்லிய நரம்பு இழைகள் குறைந்திருப்பதைத் திசுப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. வெளியே புண் தெரியவில்லை என்பதால் பொய் வலி ஆகிவிடாது.

எனக்குக் கொடுத்தது க்ளோனாசெபாம் என்ற, நரம்பைத் தணிக்கும் மாத்திரை. மாத்திரையை எரியும் இடத்தில் மூன்று நிமிடம் கரையவிட்டு, எச்சிலை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். 2004-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இந்த முறையில் வலி குறைவதைக் காட்டியது. தூக்கம் வரும், வயதானவர்கள் தடுமாறி விழலாம், நாள்பட்டால் பழக்கமாகிவிடவும் கூடும். ஆகவே மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்தான். கூடவே ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் காரமான பற்பசையையும் விட்டுவிட்டேன். எரிச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் சாயங்காலங்களில் மனிதர்களோடு உட்கார்ந்து பேச முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள், அது வேறு கதை. மற்றபடி போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எந்த நேரத்தில் எரிகிறது, சாப்பிட்டால் கூடுமா குறையுமா, செட்டைக் கழற்றினால் என்ன ஆகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்.