ஷார்ட் ஷிஃப்டருக்கு முன்னால் புஷ்ஷைப் பாருங்கள்

எங்கள் வீட்டு 2001 மாடல் ஹோண்டா சிட்டி விடெக்கில் ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ராடு, மாட்டியாயிற்று. அதிலிருந்து மதுரையில் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது, "நானும் மாட்டலாமா?" என்றுதான். தாராளமாக மாட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கியர் ராடைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கியரில் விழுந்த பிறகும் அது தொளதொளவென்று ஆடினால், நீங்கள் முதலில் வாங்க வேண்டியது புஷ் என்கிற சின்ன வளையம்.

அந்தக் கால சிட்டியில் கியருக்கு கேபிள் கிடையாது. ராடின் அடிமுனையிலிருந்து கியர் பாக்ஸ் வரைக்கும் ஓர் இரும்புத் தண்டு போகிறது. ராடு உட்காரும் கூட்டைப் பிடித்துக்கொள்ள இன்னொரு தண்டு. இவை சேரும் இடங்களில் ரப்பர், பிளாஸ்டிக் புஷ்கள்தான் இருக்கின்றன. வண்டிக்கு அடியில், சைலன்சர் பைப்பின் சூட்டுக்குப் பக்கத்தில், இருபது வருஷத்துக்கு மேலாக வெந்துகொண்டிருப்பவை. எங்கள் காரில் கழற்றிய புஷ் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை நீளவாக்கில் தேய்ந்து, ஒரு ஓரம் மெலிந்து போயிருந்தது. கட்டை விரலால் அழுத்தியதும் அந்த ஓரம் கறுப்பாக உதிர்ந்தது. நாம் கையால் தள்ளும்போது முதலில் இந்தத் தேய்ந்த இடத்தைக் கடந்த பிறகுதான் தண்டே நகரும்.

ஷார்ட் ஷிஃப்டர் செய்வது வெறும் நெம்புகோல் வேலை. ராடு, பந்து போன்ற ஒரு குண்டின் மேல் அசைகிறது. கணக்குக்காக, குண்டுக்கு மேலே 240 மில்லிமீட்டர், கீழே 40 என்று வைத்துக்கொள்வோம். அடிமுனை 12 மில்லிமீட்டர் நகர, மேலே நாப், அதாவது கைப்பிடிக் குமிழ், 72 நகர வேண்டும். கீழ்ப்பக்கத்தை 55 ஆக நீட்டிவிட்டால் நாப் 52 நகர்ந்தாலே போதும். ஆனால் எதுவும் சும்மா வராது. கை கொடுக்க வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். புஷ் தேய்ந்திருந்தால், நாப் நகரும் தூரத்தில் அந்த ஆட்டத்தின் பங்கும் மாறாமல் அப்படியே இருக்கும். இருபதாண்டுத் தேய்மானத்தை வைத்துக்கொண்டு புதுச் சாமானைக் குறை சொல்வது நியாயமில்லை.

வேலை நடந்தது புதூரில், வழக்கமாக நான் போகும் மெக்கானிக் அண்ணனின் பட்டறையில். நாப்பைத் திருகிக் கழற்றி, நடுக் கன்சோலைத் தூக்கி, வண்டியை உயர்த்தி, அடியில் தண்டின் போல்ட்டைக் கழற்றினால் ராடு வந்துவிடும். புது ராடைக் கூட்டில் உட்கார வைக்கும்போது குண்டுக்கும் இருக்கைக்கும் கிரீஸை வழிய வழிய வைக்க வேண்டும். இதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. அண்ணன் நிதானமாகச் செய்தது அதற்கு அப்புறம்தான்.

கீழ்ப்பக்கம் நீண்டுவிட்டதால் ராடின் முனை சைலன்சரின் மேலே இருக்கும் ஹீட் ஷீல்டு என்ற சூடு தடுக்கும் தகட்டை நெருங்கும். அவர் தகட்டில் வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ராடின் முனையில் கிரீஸ் தடவி, "தம்பி, ஒண்ணொண்ணா போடுங்க. ரிவர்ஸ கடைசியா போடுங்க" என்றார். நான் கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டேன். சாக்பீஸில் ஒரு ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. "விழுகுறப்ப தொடுதுண்ணே, விடுங்க, லேசாத்தான" என்றேன். அவர் விடவில்லை. "நிக்கிற வண்டியில லேசா. ஓடுறப்ப இன்ஜின் அசையும், சைலன்சரும் சேந்து அசையும். அப்ப தட்டும்" என்று தகட்டைக் கழற்றி, அந்த இடத்தைத் தட்டிப் பள்ளமாக்கி, மறுபடியும் சாக்பீஸ் தேய்த்தார். இந்தச் சோதனையைச் செய்யாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சிலர் பழைய ராடையே அறுத்து, லேத்தில் ஒரு துண்டு கடைந்து, வெல்டிங் வைத்து நீட்டித் தருகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஒட்டு சரியாக இறங்கியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. மலைப்பாதையில் அது விட்டுப்போனால் கையில் ராடு இருக்கும், கியர் இருக்காது.

அதோடு கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். கடையில் "90 ஆயில்" என்று எடுத்துக்கொடுப்பதை வாங்கி ஊற்றாதீர்கள். இந்தக் கியர் பாக்ஸுக்கு எம்டிஎஃப் என்கிற ஹோண்டாவின் சொந்த கியர் ஆயில்தான் சரி. கியர் மாறும்போது இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்வது பித்தளையில் செய்த சின்க்ரோ வளையம். அது ஆயிலுக்குள் உரசிப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. கை நகரும் தூரம் குறைந்ததால் அந்த வளையத்துக்கு வேகம் கூடிவிடாது. கை அவசரப்பட்டால் கரகரவென்று சத்தம் போட்டுத் தேயும். வளையம் தடுத்து ராடு முட்டி நிற்கும் அந்த ஒரு கணம் காத்திருந்தால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போது எப்படி இருக்கிறது? நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், 'டக்' என்று உட்காருகிறது. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கை ஸ்டியரிங்குக்குத் திரும்பிவர நேரமே ஆவதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டு தூரமும் குறைந்திருப்பதால், ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது ராடை உங்கள் பக்கமோ பக்கத்து சீட் பக்கமோ இழுக்காதீர்கள். கை தவறி இரண்டில் விழுந்து கிளட்சை விட்டால் இன்ஜின் தாங்க முடியாத வேகத்துக்குப் போய்விடும். நேராகப் பின்னால் இழுங்கள், மிச்சத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

கனமான ஸ்டீல் நாப் போட்டால் கூடுதல் பலம் தேவைப்படுவது கொஞ்சம் குறையும். ஆனால் சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியில் நிறுத்திவிட்டு வந்து தொட்டால் கை பொத்துப்போகும். நான் தோல் சுற்றியதுதான் போட்டிருக்கிறேன்.

காலையில் ஒத்தக்கடைக்கு வண்டி எடுக்கும் என் மனைவிக்கு, ஆயில் சூடாகும் வரை முதல் கியர் கனமாகத்தான் இருக்கிறது. அவள் சொல்வது உண்மை. கோரிப்பாளையம் சிக்னலுக்கும் தல்லாகுளத்துக்கும் நடுவில் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று நாள் முழுக்க மாற்றுகிறவர்கள் புஷ்ஷையும் ஆயிலையும் மாற்றி அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் இன்ஜினைத் தாங்கும் ரப்பரான இன்ஜின் மவுண்ட்டை மாற்றுங்கள், அதுவும் அதே வயசுதான்.